குளிருக்குக் கட்டிய மாளிகையும் வெயிலை மறந்த வீடுகளும்

கல்முனைப் பக்கத்திலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் அப்புத்தளை அடிசம் பங்களா தவறாமல் இருக்கும். முன்னால் நின்று படம் எடுக்கிறோம், துறவிகள் விற்கும் ஜாம் போத்தல் ஒன்றை வாங்குகிறோம், திரும்பி வந்துவிடுகிறோம். அந்த வீடு ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று நின்று பார்ப்பவர்கள் குறைவு. வீடு கட்டத் திட்டமிடும் ஒவ்வொரு வாப்பாவும் அதைப் பார்க்க வேண்டும்.

கட்டியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன், கொழும்பு வணிக உலகில் பெரும்புள்ளி. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் தான் பிறந்த கிராமத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்தார். அதே கென்றில் உள்ள லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டு எழுந்த மாளிகை 1931இல் முடிந்தது. 1960களிலிருந்து அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். வரவேற்பறையும் நூலகமும் பழைய தளபாடங்களோடு இன்றும் பார்வைக்கு இருக்கின்றன.

கட்டடத்தைப் பாருங்கள். வடிவம் ஆங்கிலேயருடையது, சுவரோ இலங்கைக் கருங்கல். கதவு, யன்னல், படிக்கட்டு, தரை எல்லாம் பர்மாத் தேக்கு. தடித்த சுவர் பகற்சூட்டைப் பிடித்து வைத்து இரவில் மெல்ல விடும். உயர்ந்த புகைக்கூண்டுகள் அலங்காரத்துக்கு நிற்பவை அல்ல, கணப்பு மூட்டும் வீட்டுக்கு அவை தேவை. கல்சட்டங்களுக்கிடையே சிறு சிறு கண்ணாடிகள் பதித்த யன்னல் வெளிச்சத்தை உள்ளே விட்டுக் குளிர்காற்றை வெளியே நிறுத்துகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே, மூடுபனி வாசலுக்கு வரும் இடத்தில் இவை அத்தனைக்கும் வேலை இருக்கிறது. வில்லியர்ஸ் ஊர்நினைவில்தான் கட்டினார். ஆனால் அந்த நினைவு பொருந்தக்கூடிய குளிரைத் தேடிப்போய்க் கட்டினார்.

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளும் அப்படித்தான். 1590களில் எழுந்த ஹார்ட்விக் மாளிகை சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று பெயர் வாங்கியது. கண்ணாடி அன்று செல்வத்தின் அடையாளம். அதோடு, சூரியன் தாழ்ந்து போகும் நாட்டில் ஒரு கீற்று வெயிலையும் வீணாக்க மாட்டார்கள்.

நம் கிழக்குக் கரையில் கதை தலைகீழ். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நடு ஆண்டில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வயல்வெளியைக் காய வைத்துக்கொண்டு வருகிறது. பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றுத்தான் ஒரே ஆறுதல். மாரியில் மழை சாய்ந்தடிக்கும். இவை அத்தனைக்கும் பழைய வீட்டில் விடை இருந்தது. மழையும் வெயிலும் சுவரைத் தொடாதபடி நீண்டு இறங்கிய தாழ்வாரம், வீட்டின் முகத்தில் விறாந்தை, சூட்டை மேலே ஏற்றி வெளியே விடும் ஓட்டுக் கூரை, பின்வளவில் பெண்கள் தாராளமாகப் புழங்கும் மரநிழல்.

இன்று கட்டப்படும் வீடுகளில் எத்தனையில் விறாந்தை இருக்கிறது? வெளிநாட்டில் எடுத்த படம் ஒன்று கைத்தொலைபேசியில் வருகிறது. அதே முகப்பு வேண்டும் என்று மேசன் பாஸிடம் நீட்டுகிறோம். மேற்கே பார்த்த ஆளுயரக் கண்ணாடி, உச்சி வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும் கொங்கிறீட் பிளேட், ஒரு சாண் கூட வெளியே நீளாத கூரை. பிறகு ஏசி, அதற்கு மின்கட்டணம். குளிர்நாட்டுக்காரன் வெயிலைப் பிடிக்க வைத்த பொறியை நாம் வெயிலுக்குள் கொண்டுவந்து பொருத்துகிறோம்.

ஆசை மட்டும் காரணமல்ல, நிலமும் காரணம். ஆங்கிலப் பிரபுவின் மாளிகையும் காணியும் மூத்த மகனுக்கே முழுதாகப் போயின. அதனால்தான் அவை தலைமுறைகளாகத் துண்டாகாமல் நின்றன. நம் ஊர்களில் வீடு மகளுக்கு. நான்கு பெண்மக்கள் என்றால் ஒரு வளவில் நான்கு வீடு, அடுத்த தலைமுறையில் அது மேலும் துண்டாகும். பெண்ணுக்குச் சொந்தக் கூரை தரும் இந்த ஏற்பாடு பெரும் பாதுகாப்பு, அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் ஆறு பேர்ச்சில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்குள் கடற்காற்று எந்த வழியால் வரும்?

1978 சூறாவளி ஓடுகளை அள்ளிக்கொண்டு போனதையும், 2004இல் சுனாமி வந்த நாளில் மாடிகள் உயிர் காத்ததையும் சொல்லி, கொங்கிறீட்டே பாதுகாப்பு என்பவர்கள் உண்டு. சரிதான். கொங்கிறீட் வீட்டுக்கும் விறாந்தை வைக்கலாம், பிளேட்டையே மூன்றடி வெளியே நீட்டலாம். தடுப்பது யார்?

என் பெருங்கவலை இதுதான்: விறாந்தையோடு கட்டத் தெரிந்த மேசன்மார் மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இல்லாமல், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவே, நாற்புறமும் வயற்காற்று வீசும் மாவடிப்பள்ளியிலேயே பகலில் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியாத வீடுகளைக் கட்டினால், நெருக்கமான கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் என்ன வழி?

மகளுக்கு வீடு கட்டப்போகிற வாப்பாமாரே, படத்தைக் காட்டுவதற்கு முன் பாஸிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி வேண்டாம். கிழக்கில் வாங்கிய காற்றை வெளியேற்ற எதிரே ஒரு யன்னல் வேண்டும். கூரை மூன்றடி வெளியே நீள வேண்டும். வளவைப் பிரிப்பதானால் முற்றத்தை மட்டும் பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாக விட்டு, வீட்டை மேலே எழுப்ப வேண்டும். அடிசம் பங்களாவிலிருந்து எடுத்துவர வேண்டியது அதன் முகப்பை அல்ல. நிற்கும் இடத்தின் காலநிலைக்கு ஏற்பக் கட்டிய அந்த அறிவை.