ஆல்டோஸ்டீரோன் மிகும்போது சிறுநீரகம்

மனிதரின் இரு சிறுநீரகங்களும் நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்துள்ள சோடியம் மட்டுமே அரை கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த வடிநீர் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்குழல்களின் வழியே செல்லும்போது, சோடியத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மீண்டும் இரத்தத்துக்கு உறிஞ்சப்படுகிறது. குழலின் முற்பகுதிகளிலேயே பெரும்பங்கு மீட்கப்பட்டுவிட, எஞ்சும் சிறு பங்கின் கதி குழலின் கடைப்பகுதியில் முடிவாகிறது. அங்கே ஆட்சி செலுத்தும் ஹார்மோன்களில் முதன்மையானது ஆல்டோஸ்டீரோன்.

சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறணியில் உருவாகும் இந்த ஹார்மோன், குழற்செல்களில் சோடியம் நுழையும் வாயில்களையும் அதை இரத்தத்துக்குள் தள்ளும் புரதங்களையும் பெருக்குகிறது. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உடலில் தங்க, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. இரத்தக் கொள்ளளவு குறையும்போது சுரந்து உயிரைக் காப்பதே இதன் இயல்பான பணி.

தேவையின்றி இது ஓயாமல் சுரந்தால் உடல் நீர்கோத்து வீங்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் 1950களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் விவரித்த நோயாளிக்கு, அட்ரினல் கட்டியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் மிகுதியாகச் சுரந்தும், உயர் இரத்த அழுத்தமும் பொட்டாசியக் குறைவால் தசைத் தளர்ச்சியும் இருந்தனவே அன்றி வீக்கம் இல்லை. நலமுள்ளோருக்கு இந்த ஹார்மோனைத் தொடர்ந்து கொடுத்தபோதும் இதே நிலையே காணப்பட்டது: முதற் சில நாட்கள் சோடியம் தேங்கி எடை இரண்டு மூன்று கிலோ கூடுகிறது, பின்னர், ஹார்மோன் அளவு குறையாதிருந்தும், உண்ணும் சோடியம் அத்தனையும் சிறுநீரில் வெளியேறத் தொடங்குகிறது. இதற்கு ஆல்டோஸ்டீரோன் தப்பிப்பு என்று பெயர்.

இதன் காரணங்களுள் தலையாயது அழுத்தமே. தேங்கிய நீர்மம் இரத்த அழுத்தத்தை உயர்த்த, உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தைச் சோடியத்தைக் கைவிடச் செய்கிறது. 1984இல் ஜான் ஹால் குழுவினர் நாய்களில் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தின் அழுத்தம் மட்டும் உயராதபடி தடுத்தபோது, தப்பிப்பு நிகழாமல் சோடியம் மேன்மேலும் தேங்கியது. வாதத்தைத் தீர்க்கும் தெளிவு அந்தச் சோதனைக்கு உண்டு. இதயத்தின் மேலறைகள் விரிவடையும்போது சுரக்கும், சோடியத்தை வெளியேற்றத் தூண்டும் பெப்டைடும், குழலின் கடைப்பகுதிக்குச் சற்று முன்னுள்ள சேய்மைச் சுருள்குழலில் சோடியத்தை உள்ளிழுக்கும் கடத்திப் புரதம் குறைவதும் இதற்குத் துணைபுரிகின்றன.

சமநிலை மீண்டாலும் அதற்கான விலையை உடல் நாள்தோறும் செலுத்துகிறது. உயர்ந்த அழுத்தத்தால்தான் சோடியம் வெளியேறுகிறது என்பதால் அந்த அழுத்தம் இறங்குவதில்லை. பொட்டாசிய இழப்புக்கோ தப்பிப்பே கிடையாது. முற்பகுதிகள் கைவிட்ட சோடியம் கடைப்பகுதியை மிகுதியாக வந்தடைய, அங்கே இன்னமும் வேலைசெய்யும் ஆல்டோஸ்டீரோன் அதில் ஒரு பங்கை மீட்டுப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ஆல்டோஸ்டீரோன் மிகுந்த நோயாளிகள் உப்பைக் குறைத்தால் பொட்டாசிய இழப்பும் குறைவது இதனால்தான்.

இதயச் செயலிழப்பிலும் கல்லீரல் இழைநார் வளர்ச்சியிலும் நிலைமை வேறு. தமனிகளில் இரத்தம் போதவில்லை என்றே சிறுநீரகம் உணர்ந்து, குழலின் முற்பகுதியிலேயே சோடியத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், தப்பிப்பு நிகழாமல் காலும் வயிறும் வீங்குகின்றன. ஆல்டோஸ்டீரோனின் செயலைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் அப்போது பயன்படுகிறது. அட்ரினல் மிகைச் சுரப்பிலோ வீக்கம் தோன்றாததோடு பலருக்குப் பொட்டாசிய அளவும் இயல்பாகவே இருப்பதால், அது சாதாரண இரத்த அழுத்த நோயாகக் கருதப்பட்டு ஆண்டுக்கணக்கில் கண்டறியப்படாமல் போகிறது. மருந்துகளுக்கு எளிதில் பணியாத அழுத்தமுள்ளவர்களுக்கு, ஆல்டோஸ்டீரோனுக்கும், இயல்பாக அதன் சுரப்பைத் தூண்டும் சிறுநீரக நொதியான ரெனினுக்கும் உள்ள விகிதத்தை இரத்தத்தில் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.