பழைய லேப்டாப்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கல்லூரி திறக்கும் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கோரிக்கை எழும். "அத்தா, இந்த லேப்டாப் இனிமே ஓடாது. புதுசு வேணும்." பிள்ளையின் படிப்பு முக்கியம்தான். ஆனால், மெதுவாகிவிட்டது என்பதும் கெட்டுவிட்டது என்பதும் ஒன்றல்ல. முதலில் இந்த வேறுபாட்டை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பல லேப்டாப்களில் சுழலும் ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும்தான் இருக்கும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினாலே பெரும்பாலும் வேகம் திரும்பிவிடும். சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கூட்ட முடியாது. முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி, கீபோர்டு, சார்ஜர் ஆகியவையும் மாற்றத்தக்கவையே. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே பயன்பாட்டை நிறுத்திவிடுங்கள். அது தீப்பற்றும் அபாயம் உள்ளது.

மதர்போர்டு பழுதானால் கதை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்த கருவி காய்ந்தபின் ஓடினாலும், உள்ளே துரு பிடித்துப் பிறகு கைவிடக்கூடும். அதற்குப் பெரும் செலவு செய்வது வீண்.

அடுத்தது மென்பொருள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை பிராசஸர் முதல்தான் ஏற்கும். அதற்கும் பழையது என்றால் இலவசமான லினக்ஸ் போடலாம். இது புதிய செய்தியல்ல. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே, சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தரப்பட்டது. ஆனால், பிள்ளையின் பாடத்திற்கான மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கு. தி.நகர், மயிலாப்பூர் கடைகளில் ஒன்று, ரிச்சி தெருவில் ஒன்று என இரண்டு இடங்களிலாவது மதிப்பீடு வாங்குங்கள். அதே திறனுள்ள புதிய லேப்டாப்பின் விலையில் பாதியைப் பழுதுச் செலவு தாண்டினால் புதியதே மேல். மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் பழுது பார்ப்பதே சிக்கனம். இடைப்பட்டதாக இருந்தால், வாரண்டியுடன் கிடைக்கும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிது வாங்கும்போது "வட்டியில்லா தவணை" என்ற விளம்பரத்தில் கவனம் தேவை. இத்தகைய திட்டங்களில் வட்டி, செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுவதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் சுட்டிக்காட்டியது. ரொக்க விலை என்ன, தவணையில் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்கிப் பாருங்கள். வட்டியை விட்டு விலகி நிற்க விரும்பும் நமக்கு இந்த விசாரிப்பு கடமையாகும்.

எதைச் செய்தாலும், கடையில் கொடுக்கும் முன் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு லேப்டாப்பிலிருந்து அழித்துவிடுங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் நம்மிடமுள்ள அமானிதம்.

ஓடும் நிலையிலுள்ள பழையதை மூலையில் போடாமல், படிக்கும் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், அதன் நன்மை நமக்கும் வந்து சேரும்.