கைக்கு வராத கூலி – 11: காலண்டரில் ஒரு பெருக்கல் குறி

தூதரக வீடுகளில் வேலை பார்க்கும் ஆயாக்களின் கதை இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஒரு பீங்கான் தொழிற்சாலை வந்து வழியை மறித்துக்கொண்டது. மூன்று நாளாக அதைவிட்டு நகர முடியவில்லை. பத்திரிகை ஆபீசிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ஆகவே இந்த வாரம் பீங்கான்.

போன வாரம் நியூயார்க்கில் நின்றோம். வீட்டுப் பணியாளர்களுக்கென்று அந்த மாநிலம் 2010-ல் சட்டம் போட்டது, வந்து போகிற ஆயாவுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேலும், வீட்டோடு தங்குகிற ஆயாவுக்கு 44-க்கு மேலும் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்றெல்லாம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

சட்டம் இருக்கிறது, சரி. மன்ஹாட்டனில் ஒரு வீடு, இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. காலை ஏழுக்கு வருகிறார். ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்று பேச்சு. ஆனால் அப்பாவுக்கு மீட்டிங், அம்மாவுக்கு ரயில் தாமதம். ஏழாகிறது, சில நாள் எட்டாகிறது. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கவரில் பணம். ரசீது கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. நான்கு வருஷம் கழித்து, பேசிய நேரத்துக்கு மேல் உழைத்ததற்கும் சேர்த்துப் பாக்கியைக் கேட்கிறார். “ஐந்து மணிக்கே போய்விடுவாளே” என்கிறது குடும்பம். “எட்டு மணி வரை இருந்தேன்” என்கிறார் இவர். சாட்சி? மூத்ததுக்கு ஐந்து வயது, சின்னதுக்கு மூன்று.

எதை வைத்து நம்புவது? கூலி வழக்குகள் முக்கால்வாசி இந்தக் கேள்வியில்தான் செத்துப் போகின்றன.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் கூடுதலாக வாங்கிய நாளுக்கு ‘அரை’ என்று எழுதியிருக்கும், பேப்பர் வராத நாளுக்கு வட்டம், சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ‘கே’. பாத்திரம் தேய்க்க வரும் அம்மா வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மாசக் கடைசியில் என் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெருக்கல் குறிகளை எண்ணுவார். நியாயமான மனுஷி, ஒரு ரூபாய் அதிகம் பிடித்ததில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள் எண்ணெய்ச் சட்டிகளையெல்லாம் தேய்த்து முடித்து ராத்திரி ஒன்பதுக்கு அவர் கிளம்பிப் போனாரே, அதற்கு அந்தக் காலண்டரில் எந்தக் குறியும் இருந்ததில்லை. எங்கள் வீட்டுக் கணக்கில் கழித்தல் மட்டும்தான் உண்டு. இது எனக்கு உறைக்க ஐம்பது வயது ஆகியிருக்கிறது.

இப்போது பீங்கானுக்கு வருகிறேன்.

மிச்சிகனில் மவுண்ட் க்ளெமன்ஸ் என்று ஓர் ஊர். அங்கே தட்டு, கோப்பை செய்கிற தொழிற்சாலை; சுமார் 1,200 பேர் வேலை பார்த்தார்கள். வாசலில் நேரம் குத்துகிற கடிகாரம். அட்டையைச் செருகினால் மணி விழும். பிரச்சினை என்னவென்றால், அட்டை குத்திய நிமிஷத்திலிருந்து சம்பளம் கிடையாது. உள்ளே நடந்து போய், ஏப்ரன் கட்டி, விளக்கைப் போட்டு, கருவிகளை எடுத்துவைத்து, ஷிப்ட் மணி அடித்த பிறகுதான் கம்பெனிக் கணக்கில் வேலை தொடங்கும். போகும்போதும் இதே கதை. ‘நாங்கள் உங்கள் கூரைக்குக் கீழேதானே நிற்கிறோம், அந்த நிமிஷங்களுக்குக் காசு எங்கே?’ என்று ஏழு தொழிலாளிகளும் அவர்களுடைய சங்கமும், இன்னும் சுமார் 300 பேருக்காகவும் சேர்த்து, கோர்ட்டுக்குப் போனார்கள்.

கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று ஏறி இறங்கி, 1946 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஃப்ராங்க் மர்ஃபி. அதே மிச்சிகனின் கவர்னராக இருந்தவர். நடந்து போகும் நேரமும் வேலை நேரம்தான் என்றார். நாடு முழுக்க ஆலைகளில் சங்கங்கள் பாய்ந்தன. கோடி கோடி டாலருக்கு வழக்குகள் குவிந்தன. முதலாளிகள் அலறிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். மறு வருஷமே, 1947-ல், ஒரு புதுச் சட்டம் வந்து, நடக்கிற நேரத்துக்குக் கூலி கேட்கும் வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. சரி, வழக்குப் போட்டவர்களுக்காவது ஏதாவது கிடைத்ததா? வழக்கு திரும்பக் கீழ்க் கோர்ட்டுக்கு வந்தது. நீதிபதி கணக்குப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் கணக்கில் எடுக்க முடியாத அளவுக்கு அற்பமான நிமிஷங்கள்” என்று தள்ளுபடி செய்துவிட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்த பீங்கான் தொழிலாளிகள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

என்னை மூன்று நாள் கட்டிப்போட்டது வேறொரு விஷயம். அந்தத் தீர்ப்பின் நடுவில், போகிற போக்கில் போல, மர்ஃபி ஒரு விதியை எழுதிவைத்திருந்தார். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று கணக்கு வைப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. அவர் ஒழுங்காக வைக்கவில்லை என்றால், அதற்கான தண்டனையைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. நிமிஷக் கணக்காக நிரூபிக்க வேண்டிய அவசியம் தொழிலாளிக்கு இல்லை. நியாயமாக ஊகிக்கிற அளவுக்கு ஏதோ ஓர் ஆதாரத்தைக் காட்டினால் போதும். பிறகு பாரம் முதலாளிக்கு மாறிவிடும்: “இல்லை, இவ்வளவுதான் வேலை செய்தாள்” என்று சரியான கணக்கோடு காட்ட வேண்டியது அவர் பாடு. காட்ட முடியாவிட்டால், தோராயமான கணக்காக இருந்தாலும் கோர்ட் தொழிலாளிக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம்.

வழக்குப் போட்டவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்களோ அது போய்விட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்காத இந்தப் பத்தி மட்டும் எண்பது வருஷமாக உயிரோடு நிற்கிறது. 2016-ல் ஒரு இறைச்சித் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே பத்தியை மறுபடி கையில் எடுத்தது.

1946-ல் இந்த விதி ஆயாக்களுக்குப் பயன்பட்டிருக்காது. பீங்கான் வழக்குக்கு அடிப்படையாக இருந்த, 1938-ல் வந்த மத்தியக் கூலிச் சட்டம் வீட்டு வேலைக்காரர்களையும் விவசாயக் கூலிகளையும் வெளியே நிறுத்தியிருந்தது; தென் மாநிலங்களில் அந்த இரண்டு வேலைகளையும் பெரும்பாலும் செய்தவர்கள் கறுப்பினத்தவர் என்பது தற்செயல் இல்லை. 1974-ல்தான் வீட்டுக் கதவைத் திறந்து சட்டம் உள்ளே வந்தது. அப்போதும் எப்போதாவது ஒரு சாயங்காலம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணை மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் வழக்கு வந்தால் குடும்பங்கள் முதலில் எடுக்கிற ஆயுதம், “அவள் சும்மா வந்து பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்” என்பது. வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் சும்மா!

மன்ஹாட்டன் ஆயாவுக்கு வருவோம். எல்லோரையும் போலவே அந்தக் குடும்பமும் எதையும் எழுதிவைக்கவில்லை. அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள். பீங்கான் தீர்ப்புக்குப் பிறகு அதுதான் அவர்களுடைய ஓட்டை. நியூயார்க் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: பதிவேடு வைக்காத முதலாளி, சம்பளம் கொடுத்ததைத் தானே நிரூபிக்க வேண்டும். பதிவேட்டை ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டும். பாக்கியும் ஆறு வருஷம் பின்னோக்கிக் கேட்கலாம். மத்திய சட்டத்தில் இரண்டு, தெரிந்தே ஏமாற்றியிருந்தால் மூன்று வருஷம்தான்.

தினம் இரண்டு மணி நேரம் கூடுதல் என்று வையுங்கள். வாரம் ஐந்து நாள், வருஷத்துக்கு ஐம்பது வாரம். 500 மணி நேரம். ஆறு வருஷம் வேலை பார்த்தவருக்கு 3,000. அதற்கு ஒன்றரை மடங்கு கூலி, நியூயார்க்கில் அதற்குச் சமமான தொகை இழப்பீடாக, மேலே 9 சதவீத வட்டி. கழித்தல் மட்டும் தெரிந்த காலண்டர்களுக்கு இந்தக் கூட்டல் மூச்சு முட்டும்.

‘ஏதோ ஓர் ஆதாரம்’ என்றால் என்ன? பெரும்பாலும் அது ஆயாவின் கைப்பையில் ஏற்கெனவே இருக்கிறது, அவருக்குத்தான் தெரியாது. “இன்னும் அரை மணி ஆகும், ப்ளீஸ்” என்று மேடம் அனுப்பிய குறுஞ்செய்திகள். பார்க்கில் ஊஞ்சலாடும் குழந்தையை எடுத்த போட்டோ. அதில் தேதியும் மணியும் ஒட்டியிருக்கும். பள்ளியிலிருந்து குழந்தையை அழைத்துப்போனதற்குப் போட்ட கையெழுத்து. சுரங்க ரயில் அட்டையின் பயணக் கணக்கு. கவர் கொடுத்த மறுநாள் வங்கியில் போட்ட தொகை. ஒரு ஸ்கூல் நோட்டில் பென்சிலால் எழுதிய ‘7 – 7.40’. ஒன்றும் இல்லாவிட்டால், முன்னுக்குப் பின் முரணில்லாத அவருடைய ஞாபகம். கோர்ட்டுகள் அதையும் ஏற்றிருக்கின்றன.

வக்கீல் வேண்டாம் என்றால் மாநிலத் தொழிலாளர் துறையில் காசில்லாமல் புகார் கொடுக்கலாம். விசா இல்லாதவரும் கொடுக்கலாம். செய்து முடித்த வேலைக்கு விசா கேட்பதில்லை. “குடியேற்ற அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன்” என்று முதலாளி மிரட்டினால் நியூயார்க்கில் அது தனிக் குற்றச்சாட்டாகச் சேரும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ராத்திரிதான் முக்கால் வேலை. 24 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து பணியில் இருப்பவருக்கு, இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால், எட்டு மணி நேரம் வரை தூக்கம் என்று கழித்துக்கொள்ளலாம் என்கின்றன மத்தியத் தொழிலாளர் துறையின் விதிகள். குழந்தை அழுது எழுந்த நேரமெல்லாம் வேலை நேரம். அந்த ராத்திரியில் மொத்தம் ஐந்து மணி நேரமாவது தூங்க முடியவில்லை என்றால் கழிவே கிடையாது, முழு இரவும் வேலை. இதை எழுதிய அதிகாரி வீட்டில் நிச்சயம் பல் முளைக்கிற குழந்தை ஒன்று இருந்திருக்கிறது.

இதெல்லாம் போக, பெரும்பாலான குடும்பங்கள் கோர்ட் படி ஏறாமல் பேசித் தீர்க்கப் பார்ப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. வரி. 1993 ஜனவரியில் கிளிண்டன், ஜோயி பேர்ட் என்கிற வழக்கறிஞரைத் தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்கு முன்மொழிந்தார். அமெரிக்காவில் அந்த நாற்காலியில் உட்காரும் முதல் பெண்ணாகியிருப்பார். விசாவில்லாத ஒரு பெரு நாட்டுத் தம்பதியை ஆயாவாகவும் டிரைவராகவும் வைத்திருந்ததும், அவர்களுக்காகக் கட்ட வேண்டிய வரியை உரிய காலத்தில் கட்டாததும் வெளியே வந்தது. விலகிக்கொண்டார். அடுத்து கிளிண்டன் மனதில் வைத்திருந்த பெண் நீதிபதியும் ஓர் ஆயா விஷயத்தில்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. அவர் சட்டத்துக்கு உட்பட்டு வேலைக்கு வைத்து வரியும் கட்டியிருந்தார், பாவம். கடைசியில் பதவி போனது ஜேனட் ரீனோவுக்கு. கல்யாணமும் குழந்தையும் இல்லாதவர். பெண்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி எழுந்தது ஏன் என்று அப்போதே பலர் கேட்டார்கள். ஆண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது யார்?

அன்றிலிருந்து, கவரில் பணம் கொடுக்கிற வீடுகளுக்கு வரித்துறை என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் ஆயா அதைத் தன் வாயால் சொல்லி மிரட்டக் கூடாது என்று வக்கீல்கள் எச்சரிப்பார்கள். “பணம் தராவிட்டால் காட்டிக்கொடுப்பேன்” என்பது அவரையே மிரட்டல் வழக்கில் மாட்டிவிடலாம். கூலியைக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால் போதும். மீதியைக் குடும்பத்தின் ஆடிட்டரே அவர்களுக்கு விளக்கிவிடுவார்.

மறுபடியும் போன். தூதரகம் அடுத்த வாரம், நிச்சயம். அங்கே ஆயாவின் நோட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேறு சிக்கல்: 1961 வியன்னா ஒப்பந்தத்தின்படி, அந்த வீட்டு வாசலில் போய் சம்மன் கொடுக்கவே முடியாது.

(தொடரும்)