முகவாதம் 3 மாதமாகியும் சரியாகவில்லையா? முக நரம்பில் கட்டியும் காரணமாக இருக்கலாம்!

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. சிரித்தால் வாய் கோணுகிறது. ஒரு கண் மூட மறுக்கிறது. 'காத்து அடிச்சிருச்சு' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். 'பெல்ஸ் பால்சி' என்பார்கள் டாக்டர்கள்.

பெரும்பாலும் அது உண்மைதான். திடீரென வரும் இந்த முகவாதம் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குள் ஸ்டீராய்டு மாத்திரைகளை ஆரம்பித்தால் முழுமையாகக் குணமாகும் வாய்ப்பு கூடும். (முகம் கோணுவதோடு கை, கால் பலவீனம், பேச்சில் குழறல் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!)

ஆனால் சிலருக்கு முகம் ஒரே நாளில் கோணுவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்கிறது. கன்னமும் இமையும் அடிக்கடி துடிக்கின்றன. அல்லது ஒருமுறை வந்து சரியான முகவாதம், அதே பக்கத்தில் மறுபடியும் வருகிறது. கூடவே அந்தப் பக்கத்துக் காதில் இரைச்சல், கேட்கும் திறனில் குறைவு. 3 மாதமாகியும் கொஞ்சம்கூட முன்னேற்றம் இல்லை. இப்படியானால், 'பொறுத்துப் பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது. முக நரம்பிலேயே கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

முக நரம்பு, காதுக்குப் பக்கத்திலுள்ள எலும்புக்குள் சுமார் 3 செ.மீ. நீளமுள்ள ஒரு குறுகலான சுரங்கப்பாதை வழியாக வருகிறது. நரம்பின் உறையிலிருந்து வளரும் 'ஷ்வானோமா'தான் இதில் முக்கியமான கட்டி. அரிதானது, புற்றுநோய் அல்ல. இதே இடத்தில் ரத்தக்குழாய்க் கட்டியும் வரும். அளவில் சின்னதாக இருந்தாலும் அது முகத்தை அதிகமாகவே முடக்கிவிடும்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. சாதாரண மூளை ஸ்கேன் 'நார்மல்' என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். சின்னக் கட்டி அதில் தப்பிவிடலாம். மருந்து செலுத்தி, முக நரம்பின் முழுப் பாதையையும் மெல்லிய படலங்களாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும். காது எலும்புக்கான சி.டி. ஸ்கேன், நரம்புப் பாதை அகன்றிருப்பதைக் காட்டும். காது கேட்கும் திறனையும் சோதிப்பார்கள். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பதை முடிந்தவரை தவிர்ப்பார்கள். அதனாலேயே முகம் முடங்கிப்போகலாம்.

கட்டி என்றதும் 'சீக்கிரம் வெட்டி எடுத்துடுங்க டாக்டர்' என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். இந்தக் கட்டியில் அந்த அவசரம் ஆபத்து. ஷ்வானோமாவை முழுமையாக எடுக்கும்போது பெரும்பாலும் நரம்பையும் சேர்த்தே வெட்ட வேண்டிவரும். காலிலிருந்தோ கழுத்திலிருந்தோ வேறு நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். அசைவு திரும்பவே பல மாதங்கள் ஆகும். முகத்தின் இயக்கத்தை அளக்க 'ஹவுஸ்-பிராக்மேன்' என்ற 6 படி அளவுகோல் இருக்கிறது. 1 என்றால் இயல்பு, 6 என்றால் முழு முடக்கம். ஒட்டு போட்டவர்களுக்கு அதிகபட்சம் 3-ம் படிதான் கிடைக்கும்.

அதனால், முகம் ஓரளவு நன்றாக இயங்கும்வரை கட்டியைத் தொடாமல், குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிப்பதுதான் பலருக்கும் சிகிச்சையே. கட்டி வளர்ந்தால் குறிவைத்த கதிர்வீச்சு, அல்லது எலும்பைத் திறந்து நரம்புக்கு இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை என வழிகள் உண்டு. முகம் ஏற்கெனவே மோசமாக முடங்கிவிட்டாலோ, கட்டி மூளையை அழுத்தினாலோதான் அகற்றும் பேச்சு வரும். அதிலும் ரொம்பத் தாமதிக்க முடியாது. ஓராண்டுக்கு மேல் நரம்பின் தூண்டுதல் இல்லாமல் கிடந்தால் முகத் தசைகள் மெலிந்து, ஒட்டு போட்டாலும் பலன் குறையும்.

எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், மூடாத கண்ணை முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டும். பகலில் டாக்டர் தரும் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவது அவசியம். கண் சிவந்தாலோ, வலித்தாலோ அன்றே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.