பாடகர் காத்திருக்க மெனுவை தேடலாமா? ரெக்கார்டிங் சாப்ட்வேரை கைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி?

மதுரை:
ஆடி மாதம் நெருங்கினாலே அம்மன் பாடல் பதிவுக்கு சின்ன ஸ்டூடியோக்களில் வேலை சூடு பிடித்து விடும். வீட்டு மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக். இதை வைத்தே தொழில் செய்பவர்கள் பலர். வாடகை மணிக்கணக்கில். பாடகர் நல்ல மூடில் நிற்கும் போது ஆபரேட்டர் மவுசை உருட்டி மெனுவில் தேடிக்கொண்டு இருந்தால், மூடும் போச்சு, காசும் போச்சு.

சாப்ட்வேர் வந்தபடியே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உதாரணத்துக்கு 'ரீப்பர்'. 'வின்ஆம்ப்' மூலம் உலகையே பாட்டு கேட்க வைத்த ஜஸ்டின் பிராங்கல் உருவாக்கியது. 60 நாள் இலவசமாக பயன்படுத்தி பார்க்கலாம். பிறகு சிறு தொழில் செய்வோருக்கான உரிமம் 60 டாலர்.

டெம்ப்ளேட் முக்கியம்

குரல், கோரஸ், உறுமி, நாதஸ்வரம், சுருதி என்று டிராக்குகளுக்கு பெயரும் நிறமும் கொடுத்து, ஒரு முறை 'புராஜக்ட் டெம்ப்ளேட்' ஆக சேமித்து விட்டால் போதும். அடுத்த பாட்டுக்கு எல்லாம் தயாராக வந்து நிற்கும்.

ஒரே பட்டன்

கேள்விக்குறி பட்டனை தட்டினால் 'ஆக்‌ஷன் லிஸ்ட்' திறக்கும். அடிக்கடி செய்யும் வேலைக்கு பிடித்த பட்டனை ஒதுக்கலாம். பல வேலைகளை கோர்த்து ஒரே பட்டனிலும் கொண்டு வரலாம். பாடகர் வரியை தப்பாக பாடி விட்டாரா? பதிவை நிறுத்தி, அழித்து, மறுபடி தொடங்குவதை ஒரே தட்டில் முடித்து விடலாம்.

உஷார்!

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அந்த பட்டன், பதிவான பைலையே அழித்து விடும். ஸ்பேஸ் பார் பக்கத்தில் வைத்து, கை தவறி பட்டால் அருமையாக பாடியதும் காலி. அதனால் எட்டத்தில் உள்ள பட்டனை, அதுவும் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தும்படி வைப்பதே புத்திசாலித்தனம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் கை குழம்பும். வாரத்துக்கு 2 பட்டன் மாற்றி பழகினால் போதும்.

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் படுத்து விட்டால் செய்து வைத்த மாற்றங்களும் போய் விடும். 'பிரிபரன்சஸ்' பகுதியில் உள்ள 'எக்ஸ்போர்ட் கான்பிகரேஷன்' மூலம் அவற்றை ஒரே பைலாக எடுத்து பென் டிரைவில் வைத்துக் கொள்ள வேண்டும். வேறு ஸ்டூடியோவுக்கு போனாலும், அங்கு ரீப்பர் இருந்தால் அதே பட்டன்கள் கைக்கு வந்து விடும். ஆனால் அங்கே ஏற்கனவே உள்ள செட்டிங்கை முதலில் சேமித்து விட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆபரேட்டர் உங்களை தேடி வருவார்!