வாயுவை இழந்த குறு மண்டலங்கள்

கன்னி ராசித் திசையில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் ஒரே கொத்தாகக் கிடக்கின்றன. எண்ணிக்கையில் அங்கே முந்தி நிற்பவை குறு நீள்வட்ட மண்டலங்கள். விண்மீன்களின் எண்ணிக்கையில் நம் பால்வீதியோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. பெரும்பாலானவற்றில் வாயு இல்லை, தூசி இல்லை, புதிய விண்மீன் பிறப்பதும் இல்லை. படத்தில் பார்த்தால் மங்கலான முட்டை வடிவ ஒளித்திட்டு, அவ்வளவுதான்.

பிறந்ததிலிருந்தே இப்படித்தானா? இந்தக் கொத்திலுள்ள ஐசி 3328 என்ற குறு மண்டலம் 2000-ல் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. ஹெல்முட் ஜெர்ஜென் குழுவினர் அதன் படத்திலிருந்து சீரான ஒளியைக் கணக்கிட்டுக் கழித்தார்கள். மிஞ்சியதில் இரண்டு சுருள் கரங்கள் தெரிந்தன! மொத்த ஒளியில் சில சதவீதம்தான் அவற்றின் பங்கு. ஆனாலும் உள்ளே ஒரு தட்டு இருக்கிறது என்று காட்ட அது போதுமானதாக இருந்தது. பிறகு இந்தக் கொத்திலேயே இன்னும் பல குறு மண்டலங்களில் தட்டின் தடயங்கள் கிடைத்தன.

தட்டும் சுருளும் உள்ள மண்டலங்களில் வழக்கமாக வாயு இருக்கும். அப்படியானால் இவற்றின் வாயு எங்கே போனது? கொத்தில் மண்டலங்களுக்கு இடையிலான வெளி முழுவதும் கோடிக்கணக்கான டிகிரி சூடான மெல்லிய வாயு பரவியிருக்கிறது. காற்றே வீசாத நாளிலும் ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் காற்று அறைகிறதல்லவா? நொடிக்கு 1,000 கி.மீ.க்கும் மேல் பாயும் மண்டலத்தையும் அந்த வாயு அப்படித்தான் அறைகிறது. சிறிய மண்டலத்தின் ஈர்ப்பு பலவீனமானது. தன் வாயுவைப் பிடித்து வைக்க அதனால் முடியாது. ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972-லேயே இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். இதே கொத்திலுள்ள ஐசி 3418 என்ற குறு மண்டலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அதன் உடலில் விண்மீன் பிறப்பு நின்றுவிட்டது. பின்னால் 55,000 ஒளியாண்டு நீளத்துக்கு வால். பிய்த்தெறியப்பட்ட வாயுவில் உருவான இளம் விண்மீன்கள் அங்கே நீல முடிச்சுகளாக மின்னுகின்றன.

வாயு போன பிறகும் தொல்லை ஓயாது. பெரிய மண்டலங்கள் அருகில் கடக்கும்போதெல்லாம் ஈர்ப்பால் உலுக்குகின்றன. தட்டு தடித்துச் சுருள்கள் கலைகின்றன.

எல்லாக் குறு நீள்வட்டங்களும் இந்த வழியில் வந்தவை என்று நான் நம்பவில்லை. கொத்தின் நடுப்பகுதியில், தட்டின் சுவடே இல்லாமல், மையத்தில் அடர்ந்த கருவோடு உருண்டிருப்பவை நெடுங்காலமாக அங்கேயே இருப்பவை போலத் தெரிகின்றன. சிலவற்றின் வாயுவை அவற்றின் சொந்த விண்மீன் வெடிப்புகளே, அதாவது சூப்பர்நோவாக்களே, வெளியே தள்ளியிருக்கலாம்.

இந்தக் கொத்துக்கு வெளியே, ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் துணையான எம் 110 என்ற குறு நீள்வட்டத்தில் வெளியிலிருந்து வரும் இழுப்பு, சொந்த சூப்பர்நோவா இரண்டுக்கும் இடமிருக்கிறது. அதன் வெளிப்புற விண்மீன்கள் ஆண்ட்ரோமெடாவின் இழுப்பில் முறுக்கிக் கிடக்கின்றன. மையத்தில் கொஞ்சம் தூசியும் இளம் விண்மீன்களும் இன்னும் உண்டு. மீந்திருக்கும் வாயு சுமார் 10 லட்சம் சூரிய நிறை. முதிர்ந்த விண்மீன்கள் உதிர்த்ததை மட்டும் கணக்கிட்டாலே அதைப்போல் 10 மடங்கு இருந்திருக்க வேண்டும். மீதியை ஆண்ட்ரோமெடா இழுத்துக்கொண்டதா, சூப்பர்நோவாக்கள் ஊதித் தள்ளினவா என்ற விவாதம் ஓயவில்லை.