கிணறும் ஒரு சேமிப்புக் கணக்கே

போட்டதற்கு மேல் எடுத்தால் எக்கணக்கும் வற்றும் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர். கிணறும் அத்தகையதே. நூல் நனைக்கவும் பயிருக்கு இறைக்கவும் நாள்தோறும் எடுக்கிறோம். திருப்பிச் செலுத்துவது எவ்வளவு?

ஒரு சதுர மீட்டர் கூரைமீது ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீராகும். 40 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டர் தரும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் சருகு அடைத்த குழாயால் பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே கூரையைப் பெருக்கி, குழாயைத் துப்புரவாக்கி, உறிஞ்சுகுழியின் மணலைக் கழுவி இடுதல் வேண்டும். முதல் மழையின் அழுக்குநீரை வெளியே விட்டு, பின்வருவதையே குழிக்குச் செலுத்துவோம்.

புழக்கடை வாழைக்கு அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் உதவும். செடியடியில் சருகு பரப்பினால் ஈரம் விரைவில் காயாது. இளங்கன்றின் அருகே மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், வேருக்குச் சிறிது சிறிதாகக் கசியும்.

சாயநீரை மட்டும் தோட்டத்திலோ குழியிலோ விடலாகாது. நொய்யலாற்றின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவால் கெட்டதை நாம் மறத்தல் கூடாது. நிலத்தடி நீருக்கு வேலியில்லை. ஒருவர் சேர்ப்பது அண்டை வீட்டாருக்கும் ஊறும். ஆகவே, இவ்வாண்டு மழைக்கு முன் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டுக் குழியைச் செப்பனிடுவாராக.